படம் பார்த்து எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு,



பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி முதல் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி வரை, இந்தப் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். நான் ஆசிரியர் அல்லன். நாளிதழ்ப் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது, ஓரம் வெட்டுவது, அளவு குறிப்பது, அடியில் ஒரு வரி எழுதுவது, இவைதாம் என் தொழிலாக இருந்தன. அந்த மேசையில் தெரிந்துகொண்ட ஒன்றை உங்கள் வகுப்பறைக்குள் எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

படத்தைத் துணையாகக் கொண்டு வாக்கியம் அமைக்கும் பயிற்சி உங்களுக்குக் கைவந்தது. பூங்கா, சந்தை, கூட்டுப்பணி என்று ஏதாவது ஒரு படம் வரும். அப்பா புல் வெட்டுகிறார், அம்மா கூட்டுகிறார், தம்பி குப்பை பொறுக்குகிறான் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சொல்வளமும் இலக்கணமும் வளர இது நல்ல பயிற்சி. கூடவே, படத்தில் இருப்பதுதான் உலகம் என்ற பழக்கத்தையும் இது பிள்ளைகளின் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அப்பாவின் கையில் புல்வெட்டும் இயந்திரத்தையும் அம்மாவின் கையில் துடைப்பத்தையும் கொடுத்தவர் ஓர் ஓவியர். அவர் மாற்றியும் கொடுத்திருக்கலாம். இந்த எண்ணம் அந்தப் பயிற்சியில் எங்கும் வருவதில்லை.

பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. வாக்கியங்கள் எழுதி முடித்ததும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். இதை எடுத்தவர் எங்கே நின்றார்? எதை விட்டார்? யாருக்குக் காட்ட எடுத்தார்? பத்து நிமிடம் போதும். ஆண்டு நான்கு, ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு இது முடியும். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டதும், மாதிரி விடைக்கு வெளியே பிள்ளையைப் பேசவிடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தை இதற்குக் கொடுங்கள்.

இது எல்லாக் குழந்தைக்கும் வேண்டிய கல்விதான். நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் தமிழர் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார், என்ன வேலை செய்வார் என்று காட்டிய படங்களை நெடுங்காலம் பிறரே எடுத்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் தங்களைப் பற்றியே தெரிந்துகொள்கிறார்கள். நான் தேர்ந்த சில நிகழ்வுகளை இங்கே வைக்கிறேன். எல்லாம் நம் வட்டாரத்துக்கு நெருக்கமானவை, பாடமாக்க எளியவை.

முதலில், பிள்ளைகள் உடனே காது கொடுக்கும் ஒன்று: ‘கபாலி’. பா. ரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்து, 2016 ஜூலையில் வெளிவந்த படம். கதையே மலேசியத் தமிழரைப் பற்றியது. இந்தியாவில் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு திறந்தே இருந்தது. ஓர் இளைஞன் துப்பாக்கியோடு கபாலியை நெருங்குகிறான், திரை இருள்கிறது, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. மலேசியத் திரையரங்குகளில் அந்த முடிவோடு ஒரு வரி சேர்ந்தது: கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான். அவ்வளவுதான். அந்த ஒரு வரியால் சாகக்கூடியவன் சரணடைந்தவன் ஆனான். பார்வையாளரிடம் விட்டுவைத்த கேள்விக்குச் சட்டத்தின் பதில் வந்து உட்கார்ந்தது. படத்துக்கு அடியில் எழுதும் வரி எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை. வகுப்பில் கேளுங்கள்: அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு என்ன கவலை இருந்திருக்கும்? அது இல்லாமல் பார்த்திருந்தால் நீ என்ன முடிவு கட்டியிருப்பாய்? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடமிருந்து வரும் பதில்கள் உங்களையே வியக்க வைக்கும்.

நாளிதழிலும் இதே வேலைதான் நாள்தோறும் நடக்கிறது. ஓர் அலுவலக வாசலில் இருபது பேர் நிற்கும் படம் வருகிறது. ‘உதவி கோரி வந்த குடியிருப்பாளர்கள்’ என்று எழுதலாம். ‘திரண்டு முற்றுகையிட்டவர்கள்’ என்றும் எழுதலாம். படம் ஒன்றுதான். வாசகர் முதல் வரியைப் படித்தால் அந்த முகங்களில் களைப்பைக் காண்பார்; இரண்டாவதைப் படித்தால் கோபத்தைக் காண்பார். தமிழ் ஆசிரியர்களுக்கு இது அயல் நிலம் அல்ல. சொல் பொருளை எப்படித் திருப்பும் என்பதைத்தானே வாழ்நாளெல்லாம் கற்பிக்கிறீர்கள்.

அடுத்தது தைப்பூசம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்துமலைக்குப் போனவர்கள். அங்கே என்ன நடக்கும் என்பதைத் தங்கள் காலாலேயே அறிந்தவர்கள். ஆகவே படத்தையும் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது.

வெளிநாட்டு இதழ்களில் வரும் தைப்பூசப் படத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முகம், கன்னத்தில் வேல், செருகிய விழிகள். படம் எடுத்தவர் ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறார். பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாக்கப்பட்டிருக்கும். அண்ணன் அருள் வந்து நிற்கையில் முதுகைத் தாங்கும் தம்பி, ‘வேல் வேல்’ என்று கூட வரும் குடும்பம், பல நாள் விரதம், நேர்ந்துகொண்டதற்கான காரணம், எதுவும் சட்டத்துக்குள் இல்லை. காரணத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வலி மட்டுமே. பார்ப்பவர் ‘இவர்கள் ஏன் இப்படிச் செய்துகொள்கிறார்கள்’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை எழுப்பியது பக்தர் அல்லர். கேமரா நின்ற தூரம்.

சுற்றுலாக் கையேட்டுக்குப் போவோம். அங்கே முகமே இராது. 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையும், 2018 ஆகஸ்டில் பல வண்ணம் பூசப்பட்ட 272 படிகளும் பளபளக்கும். தொலைவில் நின்று ஜூம் செய்து எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். சிலை மலையளவு ஓங்கும். மனிதர்கள் வண்ணப் புள்ளிகளாவார்கள். படிகளுக்கு வண்ணம் பூசியபோது மரபுடைமைத் துறையின் அனுமதி பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சர்ச்சை ஓய்ந்துவிட்டது, படிகளோ உலகெங்கும் கைப்பேசித் திரைகளில் ஏறிவிட்டன. இன்று பத்துமலைக்கு வரும் பலருக்கு அது முதலில் படம் எடுக்கும் இடம், பிறகுதான் கோயில்.

நம் தமிழ் நாளிதழ்களை எடுங்கள். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் முதல் பக்கத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மாலை அணிந்த தலைவர்களும் இருப்பார்கள். ரதம் சமூகத்தின் பெருமையைச் சொல்கிறது. மாலையும் ஒன்றைச் சொல்கிறது: இந்த விழாவில் யார் முக்கியமானவர் என்பதை.

மூன்றும் உண்மைப் படங்கள். மூன்றிலும் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் பால்குடம் சுமந்து படியேறிய பாட்டி மூன்றிலும் இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை இல்லை. நேர்த்திக்கடன் செலுத்த வந்த சீனப் பக்தர் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் விடிய விடியக் குவளை நிரப்பிய இளைஞர்கள் இல்லை. கூட்டம் கலைந்ததும் குப்பை அள்ளிய தொழிலாளி இல்லை. பிள்ளைகளிடம் கேளுங்கள்: நீ பத்துமலையில் பார்த்த எது இந்த மூன்று படத்திலும் வரவில்லை? ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். கரும்பலகை நிறைந்துவிடும். படம் எடுப்பது என்றால் விடுவது என்று அன்றைக்கே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இனித் தோட்டப்புறம். உங்கள் மாணவர் பலரின் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் கேரித் தீவிலோ காப்பாரிலோ பந்திங்கிலோ பால்மரம் சீவியவர்கள். பிரிட்டிஷார் காலத்து அஞ்சலட்டைகளில் அவர்களைப் போன்றோரின் படங்கள் நிறைய உண்டு. அடியில் பெயர் இராது. ‘தமிழ்க் கூலிகள்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். தோட்டத்துக் குழுப் படங்களில் துரை நடுவில் நாற்காலியில் இருப்பார், கிராணிமார் பக்கத்தில், தொழிலாளர் பின்னால் நிற்பார்கள் அல்லது தரையில் அமர்ந்திருப்பார்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் படம் எடுத்தவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒழுங்கை அவர் கண்ணாடித் தகட்டில் பதித்தார். பதித்ததால் அது இயற்கை போலவே தெரிந்தது.

கிள்ளான் ஆசிரியர்களுக்கு இங்கே சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளரைத் திரட்டினார். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமார் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள். துருப்புகள் வந்து வேலைநிறுத்தத்தை ஒடுக்கின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

யார் யாரை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது என்பதற்காக நம் மக்கள் அடிபட்ட மண் இது. கேமரா கோணம் என்று பாடநூல்கள் சொல்வதும் அதே கேள்விதான். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவார். கண் மட்டத்தில் எடுத்தால் எதிரில் நிற்கும் மனிதர் ஆவார். கீழிருந்து எடுத்தால் ஓங்கி நிற்பார். தமிழ்ப் படத்தில் நாயகன் முதன்முதலில் வரும் காட்சியில் செருப்பிலிருந்து மேலேறிப் போகும் கேமராவைப் பிள்ளைகள் நூறு முறை பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோணம் ஏன் நாயகனுக்கே கிடைக்கிறது, பால்மரம் சீவிய பாட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு முறை கேளுங்கள். அப்புறம் அவர்கள் எந்தப் படத்தையும் பழையபடி பார்க்க மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா நிறுவனம் ஒரு நீண்ட விளம்பரப் படம் வெளியிட்டது. ஒரு பெண்ணின் முகத்தில் கரி போலக் கருமை பூசியிருந்தார்கள். அவளைக் கண்டு திரையில் உள்ளவர்கள் திடுக்கிட்டார்கள். கருமை நீங்கியதும் அவள் அழகியானாள். நாட்டார் கதையைத் தழுவியது என்று விளக்கம் வந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவிலும் 1994-இல் இப்படி ஒன்று நடந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்நிலையப் படத்தை ‘டைம்’ இதழ் இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் ‘நியூஸ்வீக்’ அதே படத்தை மாற்றாமல் போட்டது. கடையில் இரண்டும் அருகருகே இருந்ததால், நிறத்தைக் கூட்டினால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை நாடே கண்ணால் பார்த்தது.

இந்த இரண்டையும் காட்டிய பிறகு, நம் வீட்டுக்கு வாருங்கள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் கழுத்தைவிட இரண்டு படி வெளுத்திருக்கும். கைப்பேசியின் அழகூட்டும் வசதி, பிள்ளை கேட்காமலேயே அவள் கன்னத்தைச் சிவப்பாக்கி, மூக்கைச் சுருக்கி, தோலை வெளுப்பாக்குகிறது. பத்து வயதுச் சிறுமி தன் முகத்தைவிடத் தன் படத்தை விரும்பத் தொடங்கும் இடம் இது. அந்த வசதியை அணைத்து ஒன்றும் போட்டு ஒன்றும் எடுத்து, எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாற்றியவர் யார், எது அழகென்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டு விடுங்கள். அறிவுரை வேண்டியதில்லை. கேள்வியே வேலை செய்யும்.

உயிருக்கே வினையாகும் படங்களும் உண்டு. 2018 நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் மகா மாரியம்மன் கோயிலில் வன்செயல் நடந்தது. வாகனங்கள் எரிந்தன. அங்கே காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் மருத்துவமனையில் இறந்தார். அந்த இரவிலும் மறுநாளும் சில நொடிக் காணொளிகள் புலனக் குழுக்களில் பாய்ந்தன. தீ தெரிந்தது, ஓட்டம் தெரிந்தது, கூச்சல் கேட்டது. கோயில் இடமாற்றம் குறித்துப் பல ஆண்டுகளாக நீடித்த நிலப் பிரச்சினையே இதற்குக் காரணம், இது இன மோதல் அன்று என்று அதிகாரிகள் விளக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுக் கதை இருபது நொடிக்குள் அடங்காது. அந்த இருபது நொடிக்கு முன்னால் என்ன நடந்தது, கேமரா திரும்பாத பக்கத்தில் என்ன இருந்தது, இதை அனுப்பியவர் எங்கிருந்து பெற்றார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, வீட்டில் அப்பாவின் கைப்பேசியைப் பார்த்து, ‘இப்போது அனுப்ப வேண்டாம்பா’ என்று சொல்லும். பல இனம் வாழும் நாட்டில் அந்த ஒரு வார்த்தைக்குப் பெரும் மதிப்பு உண்டு.

‘இதைக் கற்பிக்க எங்களுக்குப் பயிற்சி இல்லையே’ என்று நீங்கள் சொல்லக்கூடும். உங்களிடம் ஏற்கெனவே கருவி இருக்கிறது. அகப்பாட்டை நீங்கள் எப்படி வாசிக்கக் கற்றீர்கள்? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். இடமும் காலமும் எது. அங்கே உள்ள மரமும் பறவையும் தொழிலும் எவை. அவற்றின் வழியே ஊறும் உணர்வு என்ன. மாலைப் பொழுதையும் மழையையும் முல்லையையும் புலவன் தேர்ந்து வைத்தால் காத்திருப்பு தானாக வந்து சேர்கிறது. தலைவி காத்திருக்கிறாள் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படக்காரரும் அதையே செய்கிறார். மாலை வெயிலைத் தேர்கிறார், பின்னணியில் உடைந்த சன்னலை வைக்கிறார், கையில் பழைய குடையைக் கொடுக்கிறார். நமக்கு ஏக்கம் வந்துவிடுகிறது. முதல், கரு, உரி என்று மூன்று கட்டம் வரைந்து ஒரு விளம்பரப் படத்தை அதில் பிரித்துப் போடுங்கள். தொல்காப்பியர் வழி வந்த ஆசிரியருக்கு இதைவிட வேறு பயிற்சி வேண்டுமா?

சில பயிற்சிகளையும் சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

தடித்த அட்டையில் செவ்வகமாக ஒரு துளை வெட்டிக் கொடுங்கள். பழைய நாளிதழ்ப் படத்தின் மேல் அதை நகர்த்தி, ஒரே படத்திலிருந்து மகிழ்ச்சியான ஒன்றையும் சோகமான ஒன்றையும் பிள்ளைகள் பிரித்தெடுக்கட்டும். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் தன் அட்டையின் வடிவத்துக்குள் அடங்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளையே கணினியில் நகர்த்தி நெருக்கி வைத்தது என்பதையும் சொல்லுங்கள். மலையைப் போல அசையாதது என்று நாம் நம்பும் பொருளும் அட்டைக்காக நகரும்.

இரண்டாவது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை. ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, ஒரு முறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு முறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துயரம், ஆசை என்று மூன்று நடிப்பைப் புகழ்ந்தார்கள். முகம் ஒன்றேதான். உங்கள் கைப்பேசியில் ஒரு மாணவரின் சாதாரண முகத்தை எடுங்கள். அதன் பின் முறுக்குத் தட்டு ஒன்று, பூட்டிய பள்ளிக் கதவு ஒன்று, ஓடும் பேருந்து ஒன்று. அடுத்தடுத்துக் காட்டி, அவன் என்ன நினைக்கிறான் என்று மற்றவர்களைக் கேளுங்கள். தொகுப்பு என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

மூன்றாவது, தெருவுக்கு அழைத்துச் செல்வது. பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வாக 2010-இல் திறக்கப்பட்டது. அன்று முதல் ஜாலான் துன் சம்பந்தனின் படம் என்றால் வளைவுகள், பூமாலை, சேலை, வாழையிலைச் சாப்பாடு. அதே பேட்டையில்தான் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைப் பிரம்போடு நடப்பவர்கள் நாள்தோறும் சாலையைக் கடக்கிறார்கள். இரயில்வேக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழரின் தலைமுறைகள் வாழ்ந்த இடம் அது. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவும் அப்படித்தான். தீபாவளிக் கூட்டம் மட்டும் படமாகிறது, மற்ற நாளின் உழைப்பு ஆவதில்லை. பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு சுற்றுலாப் பயணிக்காகவும், ஒரு குழு அங்கே வேலை செய்பவருக்காகவும், ஒரு குழு அங்கே வளர்ந்த தாத்தாவுக்காகவும் படம் எடுக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கூட வருவார்கள். யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். எடுத்ததை அவரிடமே காட்டி, ‘உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பது இரண்டாவது விதி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்காவை மேலிருந்து ஒன்றும் கண் மட்டத்தில் ஒன்றும் எடுத்து, எது வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியும் இப்போது பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. யாரும் எங்கும் நிற்காமலேயே படம் பிறக்கிறது. அங்கும் கேள்வி மாறாது. ‘மலேசிய இந்தியக் குடும்பம்’ என்று கேட்டு, வரும் படத்தில் என்ன உடை, என்ன வீடு, என்ன நிறம் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்தச் செயலி இதை யாருடைய படங்களைப் பார்த்துக் கற்றிருக்கும் என்று கேளுங்கள்.

ஓர் ஐயம் எழும். இப்படியெல்லாம் கற்பித்தால் பிள்ளைகள் எதையும் நம்பாதவர்களாக ஆகிவிட மாட்டார்களா? மாட்டார்கள், நல்ல தேர்வுகளையும் சேர்த்துக் காட்டினால். 2007 சுதந்திர தினத்துக்கு இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட் பெட்ரோனாஸுக்காக எடுத்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு சீனச் சிறுவன் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றிப் பேசுகிறான். கேள்வி கேட்பவர் திரையில் இல்லை. கேமரா அவசரப்படாமல் அந்த முகங்களுக்காகக் காத்திருக்கிறது. இனம் என்ற சொல்லே வராமல் ஒரு நாட்டின் கனவு அதில் வந்துவிடுகிறது. அதுவும் ஒருவர் செய்த தேர்வுதான்.

நம்மவர் செய்த தேர்வுகளும் இருக்கின்றன. தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த ‘செம்மண் சாலை’ திரைப்படம், மேலே படிக்கத் துடிக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணை நடுவில் வைத்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குற்றச் செய்திப் பக்கத்தில் கைவிலங்கோடு தலைகுனிந்து நிற்கும் இந்திய இளைஞனை நாம் அறிவோம். ‘ஜகாட்’ அவனுக்கு முன்னால் இருந்த பையனைக் காட்டுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், புறம்போக்குக் குடியிருப்பு, அடிக்கும் அப்பா, சுற்றிலும் அடியாட்கள், நடுவில் கூரிய கற்பனை கொண்ட ஒரு சிறுவன். செய்திப் படம் முடிவை மட்டும் காட்டியது. இந்தப் படம் தொடக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னது. வன்முறைக் காட்சிகள் உள்ளதால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுவதும் காட்ட வேண்டாம். நீங்கள் பாருங்கள். இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை படங்களை வெறுக்காது. தானும் எடுக்கத் தொடங்கும். நம் சமூகத்துக்கு மிக வேண்டியது அதுதான். நம்மைப் பற்றிய படங்களைக் குறைசொல்லிக்கொண்டே இன்னொரு தலைமுறை கழியக் கூடாது. எங்கே நிற்க வேண்டும், எதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், அடியில் யார் பெயரை எழுத வேண்டும் என்று தெரிந்த இளைஞர்கள் நம் பள்ளிகளிலிருந்து வர வேண்டும். நாளைக்குச் செய்தி மேசையிலும் விளம்பர நிறுவனத்திலும் தணிக்கைக் குழுவிலும் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் அமரும்போது, அவருக்கு இந்த மூன்று கேள்வி நினைவிருக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்களே, பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ‘படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுக’ என்று சொல்லும் நாளில், ஐந்தாவது வாக்கியம் முடிந்ததும் ஆறாவதாக ஒன்று எழுதச் சொல்லுங்கள்: இந்தப் படத்தில் காட்டாமல் விட்டது எது? அந்த ஆறாவது வாக்கியத்தை வகுப்பில் உரக்கப் படிக்க வையுங்கள். தவணை முடிவில் அவற்றை உங்கள் பள்ளியின் சுவரில் ஒட்டி, பக்கத்துப் பள்ளி ஆசிரியரை அழைத்துக் காட்டுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளிச் செய்திகளுக்குப் படம் தேர்ந்த ஒருவன்
கோலாலம்பூர்